கண்மாய் யாருடைய சொத்து?

நகரம் பெருக வேண்டுமா, ஏரியும் குளமும் பிழைக்க வேண்டுமா என்று கேட்டால், இரண்டுமே வேண்டும் என்றுதான் எவரும் பதில் சொல்வார். ஆனால் ஒரே நிலத்தை நகரமும் கேட்கிறது, தண்ணீரும் கேட்கிறது என்னும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. அப்போது யாருக்குக் கொடுப்பது? எந்த நியாயத்தைக் கொண்டு கொடுப்பது? இது இன்ஜினியர்களும் அதிகாரிகளும் மாத்திரமே தீர்க்கவேண்டிய கணக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நிலத்தை வாங்குகிறவரும் விற்கிறவரும் நம்மைப் போன்ற குடும்பத்தாரே. ஆகையால் இது மனச்சாட்சியைச் சேர்ந்த கேள்வியாகும்.

நம் பக்கத்துக் கிராமங்களில் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் பலர் இன்று சென்னையில் வேலை பார்க்கிறார்கள். வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் கடன் வாங்கி வீடு கட்டியவர்களும், வாடகைக்குக் குடியிருப்பவர்களும் அவர்களுள் உண்டு. மழைக்காலம் வந்தால் அலங்காநல்லூரில் இருக்கும் தாய் தகப்பன் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குகிறார்கள். கடற்கரைப் பட்டணத்தின் கதி நம் வீட்டுக் கதியும் ஆகிவிட்டது. ஆகவே முதலில் அந்தப் பட்டணத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பெய்த மழை யாவரும் அறிந்ததே. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓர் ஆண்டு முழுவதும் சென்னைக்குக் கிடைக்கும் மழையே சுமார் 140 சென்டிமீட்டர்தான். அடையாறு கரைபுரண்டது. அந்த வடகிழக்குப் பருவமழையில் நம் மாநிலத்தில் நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இது நடந்து நான்கு ஆண்டுகள் கூட ஆகவில்லை. 2019 ஜூன் மாதத்தில் அதே சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் சென்னைக்குப் போயிற்று. வெள்ளத்தில் தத்தளித்த ஊரே குடத்தை ஏந்தி நின்றது. மறுபடியும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் பல நாள் தண்ணீர் வடியவில்லை.

மிகுதியும் பஞ்சமும் ஒரே ஊரில் இப்படி மாறி மாறி வருவதேன்? மழை கூடுவதும் குறைவதும் முற்றிலும் நம் கையில் இல்லை. மண்ணையும் நிலக்கரியையும் எரிபொருளையும் மனிதர் கையாண்ட விதத்தால் பூமி சூடேறி, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை அதிகரித்து வருகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆயினும் பெய்த மழை தங்குவதற்கு ஓர் இடம் இருந்ததா என்பது முழுக்க நம் கையில் இருந்த காரியம்.

அப்படிப்பட்ட ஓர் இடந்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அவ்வூர் மக்கள் அதைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையைச் சுற்றியுள்ள பல ஏரிகள் நிறைந்து வழியும் நீர் அந்தப் பள்ளத்தில் வந்து சேரும். அங்கே பரந்து தங்கி, பூமிக்குள் இறங்கி, மிச்சம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்துக்கு அருகே கடலில் கலக்கும். கடலோர ஊருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பூமிக்குள் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கும் வரையில் கடலின் உப்பு நீர் உள்ளே ஏறாது. நல்ல தண்ணீர் குறையக் குறைய உப்பு நீர் அடியில் புகுந்து கிணறுகளைக் கெடுக்கும். பூநாரையும் கூழைக்கடாவும் வந்து மேயும் அந்தச் சேற்று நிலம், பார்ப்பதற்கு ஒன்றுக்கும் உதவாததுபோலத் தோன்றினாலும், வெள்ளத்துக்கு மடியாகவும் வறட்சிக்குச் சேமிப்பாகவும் கடலுக்கு வேலியாகவும் இருந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் அதன் பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததென்று மதிப்பிடுகிறார்கள். பின்னாளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பழைய நிலையில் எஞ்சிற்று. பெருங்குடியில் பட்டணத்துக் குப்பை அதன்மேல் மலையாகக் குவிந்தது. சாலைகள் குறுக்கே போயின. கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் அரசு நிறுவனங்களும் எழுந்தன. 2007-இல் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டது. நல்லதுதான், ஆனால் பெரும்பகுதி போனபின் வந்த காவல்.

இதைச் செய்தவர்கள் எல்லாரும் கொடியவர்களா? அல்லர். அந்த நிலத்துக்கு இருந்த பெயரைப் பார்த்தால் காரணம் விளங்கும். பள்ளத்தையும் ஓடையையும் கண்மாயின் உள்வாயையும் சர்க்கார் கணக்கில் புறம்போக்கு என்று எழுதுவார்கள். தீர்வை விதிக்காமல், எவருக்கும் பட்டா கொடுக்காமல், ஊர்ப் பொதுவுக்கென்று புறத்தே நிறுத்தி வைத்த நிலம் என்பது அதன் பொருள். ஆனால் நம் பேச்சுவழக்கில் அந்த வார்த்தை என்ன ஆயிற்று? உதவாக்கரை மனிதனைத் திட்டுவதற்குப் புறம்போக்கு என்கிறோம்! எல்லாருக்கும் உரியது என்றிருந்தது, யாருக்கும் உரியதல்லாதது என்று ஆகி, கடைசியில் முதலில் கை வைத்தவனுக்கு உரியது என்று முடிந்தது. ஏரிகள் அழிந்தது மண்வெட்டியால் மாத்திரமல்ல. இந்த எண்ணம் முன்னே சென்றது, மண் நிரப்பிய லாரி பின்னே சென்றது.

பழைய ஏற்பாட்டில் நாபோத் என்னும் குடியானவனுடைய சரித்திரம் உண்டு. அவனுடைய திராட்சத் தோட்டம் ஆகாப் அரசனின் அரண்மனையை அடுத்திருந்தது. அரசன் அதைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். அவன் முதலில் கொள்ளையடிக்கவில்லை. நல்ல விலை தருவதாகவும், வேறு நல்ல தோட்டம் தருவதாகவும் நியாயமாகவே கேட்டான். நாபோத் மறுத்தான். தகப்பன் வழியில் வந்த உடைமை விலைக்கு உரியதல்ல என்பது அவன் கொள்கை. அதற்காக உயிரையும் இழந்தான். நம்முடைய கண்மாய்களும் ஏரிகளும் தகப்பன் வழியில் வந்தவையே. ஆனால் ஒரு வேற்றுமை. தோட்டத்துக்காக வாய் திறந்து மறுக்க ஒரு நாபோத் இருந்தான். எல்லாருக்கும் பொதுவான கண்மாய்க்கு அப்படி ஒருவன் இல்லை. ஊரார் ஒவ்வொருவரும் நாபோத்தாக நின்றாலொழிய அதற்குக் காவல் கிடையாது.

சொந்தச் சொத்து வைத்திருப்பது நியாயமே என்று திருச்சபை எப்போதும் போதித்து வந்திருக்கிறது. அர்ச். தாமஸ் அக்குவினாஸ் இதை விளக்கும்போது, பொருளை வைத்துப் பராமரிப்பது தனி மனிதருக்கு உரியதாகலாம், ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில் பிறர் தேவையை மறக்கலாகாது என்று பிரித்துக் காட்டினார். தனிச் சொத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், ஆதிமுதல் பொதுவாகவே இருக்கும் தண்ணீரின் வழியை ஒருவர் தமக்கென்று அடைத்துக்கொள்வது எப்படி நியாயமாகும்? காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜூன் மாதத்தில் வெளியிட்ட லவுதாத்தோ சீ என்னும் நிருபத்தில், பூமிக்கு நேரும் கேடும் ஏழைகளுக்கு நேரும் கேடும் இரண்டு வெவ்வேறு காரியங்கள் அல்ல என்று வற்புறுத்தினார். அதே ஆண்டின் கடைசியில் சென்னை அதைக் கண்ணால் கண்டது.

இங்கே எதிர்த் தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஜனங்களுக்கு வீடு வேண்டாமா? பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா? கொக்குக்கும் நாரைக்கும் இடம் விட்டு மனிதனைத் தெருவில் நிறுத்துவதா? இந்தக் கேள்வியை அற்பமாகத் தள்ளிவிடக் கூடாது. நமது மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 ஜூலை 24-ஆம் தேதி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அதற்கு முன் தென் மாவட்டத்து ஏழை ஒருவர் ஒரு வழக்குக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டும். கிளை வந்தது பெரிய உபகாரம். ஆனால் அது எழுந்த இடம் உலகனேரிக் கண்மாய். நீதி கிடைக்கும் இடமும் வேண்டும், நீர் தங்கும் இடமும் வேண்டும். ஒன்றின்மேல் மற்றொன்றைக் கட்டத்தான் வேண்டுமா என்பதே கேள்வி. நல்ல நோக்கம் இருந்தால் எந்த இடமும் நல்ல இடம் ஆகிவிடாது.

அப்படியானால் எது முந்தி, எது பிந்தி? நகரத்துக்குப் பாதி, இயற்கைக்குப் பாதி என்று அளந்து கொடுப்பதே சமநிலை என்று சிலர் நினைக்கிறார்கள். பாகப்பிரிவினைக்கு அது சரி, இதற்குச் சரியன்று. கண்மாயில் பாதியை அடைத்தால் பாதிக் கண்மாய் மிஞ்சுவதில்லை. வரத்துக்காலை ஓரிடத்தில் அடைத்தால் போதும், முழுக் கண்மாயும் பாழாகும். மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாயை நிரப்பும் தொடரில் ஒன்று போனால், அடுத்து இருப்பவை எல்லாம் காயும். பெருமழை வந்தால் எல்லாம் உடையும்.

ஆகவே வேறோர் அளவுகோல் வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தைக் கேட்கும்போது, வேறிடம் போகக்கூடியவர் யார், போக முடியாதவர் யார் என்று பார்ப்பது நியாயத்தின் முதல் படி. வீட்டை மேட்டிலும் கட்டலாம். ஆபீசை இரண்டு மைல் தள்ளியும் எழுப்பலாம். தண்ணீர் மேட்டுக்குப் போகுமா? பள்ளத்துக்குப் பதிலாக வேறொரு பள்ளத்தை எந்த அரசாணையும் உண்டாக்க முடியாது. இடம் மாற முடியாததற்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, மாறக்கூடியவற்றை அதைச் சுற்றி அமைப்பதே ஒழுங்கு. நகரத்தின் மேல் வெறுப்பு கொண்டு இதைச் சொல்லவில்லை. இந்த ஒழுங்கை மீறிய நகரமே பின்பு படகில் மிதக்கிறது, ரயிலில் தண்ணீர் வரவழைக்கிறது.

இது நடக்கக்கூடியதா என்றால், கல்கத்தாவைப் பார்க்கலாம். அந்த மாநகரின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலம் இருக்கிறது. பட்டணத்துச் சாக்கடை நீர் அங்குள்ள மீன் பண்ணைகளுக்குள் விடப்படுகிறது. வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் அதைச் சுத்தம் செய்கின்றன, மீன் வளர்கிறது, பக்கத்து நிலங்களில் காய்கறி விளைகிறது. துருபஜோதி கோஷ் என்னும் அரசாங்க இன்ஜினியர், கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிப் போய், ஏழை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இந்த வித்தையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2018-இல் இறக்கும் வரையில் அதைக் காக்கப் பாடுபட்டார். 2002-இல் அதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆக்கிரமிப்பு அங்கேயும் ஓயவில்லை. எனினும் சேற்று நிலம் நகரத்துக்கு விரோதியல்ல, வேலைக்காரன் என்பதற்கு அது சாட்சி.

இனி, பொறுப்பு யாருடையது என்பதை ஜாக்கிரதையாக ஆராய வேண்டும். பாவத்தின் கனம் அறிவையும் சம்மதத்தையும் பொறுத்தது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஏரிக்கரையில் குடிசை போட்டவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அரசாங்க முத்திரை இருக்கிறதே என்று நம்பி மனை வாங்கிய சம்பளக்காரருக்கு அது பழைய நீர்வழி என்பது தெரியாது. இவர்களுடைய நிலை வேறு. தெரிந்தே இரவோடு இரவாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்டி, கல் நட்டு விற்றவர் நிலை வேறு. பார்த்தும் கையெழுத்திட்ட அதிகாரியின் நிலை வேறு. ஆனால் நடைமுறையில் தண்டனை எவர்மேல் விழுகிறது? சென்னையில் அடையாறு, கூவம் கரைகளிலிருந்த குடிசைவாசிகள் ஆயிரக்கணக்கில் பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கமோ அதே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதி. ஆற்று வெள்ளத்துக்குத் தப்ப வைப்பதாகச் சொல்லி ஏரி வெள்ளத்துக்குப் பக்கத்தில் குடியேற்றினார்கள். வேலை செய்த வீடுகளும் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களும் தொலைவாயின. பெரிய கட்டடங்கள் மட்டும் அப்படியே நின்றன. நீர்நிலையைக் காப்பது என்னும் நல்ல காரியம், எளியவர்மேல் மாத்திரம் கண்டிப்பாகவும் வலியவர்மேல் தாராளமாகவும் நடக்குமானால், அது இன்னோர் அநியாயமாகிவிடும்.

திருடியவன் மனஸ்தாபப்பட்டால் மாத்திரம் போதாது, திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த போதனை. ஏரியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? முழுவதும் முடியாது. சென்னையில் மாம்பலத்து ஏரி இருந்த இடம் இன்று தியாகராய நகரைச் சேர்ந்த பெரும் கடைவீதிகளும் குடியிருப்புகளும். லேக் வியூ ரோடு என்று ஒரு சாலையின் பெயரில் மாத்திரம் ஏரி தெரிகிறது. ஆயினும் முடிந்தவரை ஈடுசெய்யும் கடமை ஒழிவதில்லை. அடைபட்ட கால்வாயைத் திறக்கலாம். எஞ்சிய பரப்பில் ஒரு சென்டும் குறையாமல் காக்கலாம். இன்னும் கட்டப்படாத மனைகளை மீட்கலாம். தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007-இலேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை எழுப்பிவிட ஊரார் குரல் வேண்டும்.

இவ்வளவும் சென்னையைப் பற்றிய பேச்சு என்று எண்ண வேண்டாம். மதுரை மாநகராட்சியின் எல்லை 2011-இல் ஏறக்குறைய மூன்று மடங்காகி 148 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த மழையில் செல்லூர்க் கண்மாய் பெருகி, செல்லூர், பீபீகுளம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பீபீகுளம், தல்லாகுளம் என்று குளத்தின் பெயரை வைத்துக்கொண்டு தெருவாக நிற்கும் இடங்கள் மதுரையில் எத்தனை! மதுரை நம்மை நோக்கியும் வருகிறது. 2024 ஜனவரியில் நம் பக்கத்துக் கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறக்கப்பட்டது. சாலை அகலமாகும்போது மனை விலை ஏறும். மனை விலை ஏறும்போது ஓடைப் புறம்போக்கும் கண்மாய்க் கரையும் பலர் கண்ணுக்கு இனிக்கும்.

நாம் தண்ணீரால் வாழ்கிற ஊரார். மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895-இல் அணையிட்டு, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் பேரணையில் பிரிந்து பிரதானக் கால்வாய் வழியாக நம் வயல்களுக்கு வருகிறது. முன் தலைமுறையினர் தண்ணீருக்கு வழி விட்டதால் நாம் உண்கிறோம். நம் பேரப்பிள்ளைகள் நம்மைப்பற்றி என்ன சொல்லப்போகிறார்கள்?

ஆகவே சில காரியங்களை ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்துக்கொள்ளலாம். மனை வாங்குமுன் பத்திரத்தை மாத்திரம் பார்த்துத் திருப்தியடையாமல், கிராமக் கணக்கையும் புல வரைபடத்தையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் எப்படி ஓடும் என்று ஊர்ப் பெரியவர் இருவரைக் கேட்க வேண்டும். விலை மலிவாயிருந்தால், ஏன் மலிவு என்று கேட்க வேண்டும். சென்னையில் வீடு தேடும் மகனுக்கும் மகளுக்கும் இதையே சொல்ல வேண்டும். வரத்துக்காலில் குப்பை கொட்டக்கூடாது. 2003 முதல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேமிப்புத் தொட்டி பெயருக்கு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று ஐப்பசி மழைக்கு முன் பார்த்துவிட வேண்டும். கிராமசபை கூடும் நாளில் கண்மாயின் பரப்பு எவ்வளவு, இன்று அளந்தால் எவ்வளவு என்று அமைதியாக, பகையில்லாமல், விடாமல் கேட்க வேண்டும். பங்குக்கென்று ஒரு கட்டடம் எழும்பினாலும் இதே கேள்வியை முதலில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கரையில் குடியிருக்கும் ஏழைக்கு வேலைக்கும் பள்ளிக்கும் அருகே நல்ல மாற்றிடம் கிடைக்கும் வரையில் அவருக்காகப் பேசுவதும் இதே கடமையைச் சேர்ந்தது.

பிறர்சிநேகம் என்றால் கண்ணெதிரே நிற்பவருக்கு உதவுவது என்றுதான் பெரும்பாலும் எண்ணுகிறோம். நாம் மேலே வாய்க்காலை அடைத்தால் கீழே எவருடைய வயல் காய்கிறதோ, எவருடைய வீட்டில் வெள்ளம் புகுகிறதோ, அவரும் நமது பிறரே. அவருடைய முகத்தை நாம் ஒருநாளும் பாராமல் இருக்கலாம். இன்னும் பிறக்காத குழந்தையாகவும் அவர் இருக்கலாம். கண்மாய் யாருடைய சொத்து என்று கேட்டால், சிருஷ்டித்த சர்வேசுரனுக்கு அடுத்தபடியாக அது அவருடைய சொத்து. நமக்கு அதில் இருப்பது காவல் உரிமையே; விற்கும் உரிமை இல்லை.